சிகிச்சை பலன் தராமற்போவதும் கவனக்குறைவும் ஒன்றா?

சிகிச்சைக்குப் பின்னும் நோய் தீராதபோது, அல்லது எதிர்பாராத இழப்பு நேர்ந்தபோது, எங்கேனும் தவறு நடந்திருக்குமோ என்னும் ஐயம் குடும்பத்தாரின் மனத்தில் எழுவது இயல்பு. கேட்டால் மருத்துவரை அவமதித்ததாகிவிடும் என்று அஞ்சிப் பலர் பேசாமலே வீடு திரும்புகின்றனர். மருத்துவமனையே இதைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். இச்சட்டம் எங்களுக்கும் பொருந்தும் என்பதை அறிந்தே எழுதுகிறோம்.

நோயாளியை ஏற்றுக்கொண்ட கணத்திலேயே மருத்துவர்மீது சட்டம் ஒரு கடமையைச் சுமத்துகிறது. குணப்படுத்தியே தீரவேண்டும் என்பதன்று அக்கடமை. அத்துறையில் தகுதி பெற்ற ஒருவரிடம் நியாயமாக எதிர்பார்க்கத்தக்க திறனையும் கவனத்தையும் காட்டவேண்டும் என்பதே அது. நோயாளியை ஏற்பதா என்று முடிவு செய்வதிலும், எந்தச் சிகிச்சை என்று தேர்வதிலும், அதை அளிப்பதிலும் இக்கவனம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1968இல் தெளிவுபடுத்தியது.

அந்த வழக்கின் கதை துயரமானது. 1953 மே மாதம் ரத்னகிரிப் பகுதிக் கடற்கரையில் நிகழ்ந்த விபத்தில் 20 வயது இளைஞர் ஒருவரின் தொடை எலும்பு முறிந்தது. மூன்று நாள் கழித்து அவர் புனேயில் ஓர் அறுவை மருத்துவரிடம் கொண்டுசெல்லப்பட்டார். உரிய மயக்க மருந்து கொடாமல், அளவுக்கு மீறிய விசையுடன் காலை இழுத்து எலும்பைப் பொருத்தி மாவுக்கட்டுப் போட்டனர். அன்றிரவே இளைஞர் இறந்தார். இரத்தக் குழாயில் கொழுப்பு அடைத்ததே காரணம் என்றது மருத்துவர் தரப்பு. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சிகிச்சை அளித்த முறையால் விளைந்த அதிர்ச்சியே காரணம் என்று முடிவு செய்தது. தொடை எலும்பு முறிந்தவர் மருத்துவரின் தவறின்றியும் இறக்கக்கூடும். ஆகவே இறப்பு மட்டும் கவனக்குறைவுக்குச் சான்றாகவில்லை. காலை இழுத்த விதமே சான்றாயிற்று.

துணைக்கு வருவோர் அறியவேண்டிய மற்றொரு தீர்ப்பு 2008இல் வந்தது. லேப்ராஸ்கோப்பி மூலம் வயிற்றைப் பரிசோதிக்க மட்டும் ஒரு பெண் ஒப்புக்கொண்டிருந்தார். அவர் மயக்கத்தில் இருக்கையில், வெளியே காத்திருந்த தாயின் ஒப்புதலைப் பெற்றுக் கருப்பையையும் சூலகங்களையும் அகற்றிவிட்டனர். மருத்துவர் நல்லெண்ணத்துடன் செய்தார் என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆயினும் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, சுயநினைவு திரும்பியபின் நோயாளியிடமே கேட்டிருக்கவேண்டும் என்றது. வயதுவந்த நோயாளிக்காக உங்களிடம் கையொப்பம் கேட்கப்பட்டால், அவரிடமே கேட்க இயலாதா என்று வினவுங்கள். படிவத்தைப் படிக்காமல் கையொப்பமிடும் வழக்கமும் நம்மிடையே உண்டு. அவசரப்படுத்துவோரும் அதற்குப் பொறுப்பாளிகளே. எங்கள் ஊழியர்களும் இதற்கு விலக்கல்லர்.

மருத்துவரைக் குற்றவியல் சட்டத்தின்கீழ்த் தண்டிக்க மிகக் கடுமையான கவனக்குறைவு மெய்ப்பிக்கப்படவேண்டும் என்பது 2005ஆம் ஆண்டுத் தீர்ப்பு. எனவே காவல்நிலையத்தை நாடுவது பெரும்பாலும் பயன் தராது. இழப்பீடு கோருவோருக்கு ஏற்ற இடம் நுகர்வோர் குறைதீர் ஆணையம். கட்டணம் பெற்று அளிக்கப்படும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிலரிடம் கட்டணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனையில், இலவசமாகப் பெற்றவரும் முறையிடலாம். அனைவருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனையாயின் உரிமையியல் நீதிமன்றத்தை நாடவேண்டும்.

கவனக்குறைவை மெய்ப்பிக்கும் பொறுப்பு பெரும்பாலும் முறையிடுபவருடையது. அதற்கு ஆவணங்கள் வேண்டும். நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளைத் தரவேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுங்குமுறை விதி. எழுத்தில் கேளுங்கள், கேட்ட தேதியைக் குறித்துவையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. கேஸ் ஷீட், மருந்து கொடுத்த விவரம், அறுவைக் குறிப்பு, ஒப்புதல் படிவம் ஆகியவற்றின் நகல்களையும் பெறுங்கள். அவற்றை அதே துறையைச் சேர்ந்த வேறொரு மருத்துவரிடம் காட்டி விளக்கம் கேளுங்கள். பல ஐயங்கள் அங்கேயே தீரும், தீராதவை வலுப்பெறும்.

2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே, வழக்கறிஞர் இன்றியும் முறையிடலாம். மருத்துவமனைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் ஆணையத்தில் கட்டணம் இல்லை. முறையிடும் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையீட்டைத் தாக்கல் செய்யவேண்டும். தாமதமானால் தக்க காரணம் காட்டவேண்டும். அதை ஏற்பதும் ஏற்காததும் ஆணையத்தின் முடிவு.