வல்லுநர் கூடினால் டால்பின் பிழைத்துவிடுமா?

நம்பிக்கை: பல நாட்டு விஞ்ஞானிகள் கைகோத்துவிட்டால் அழியும் இனமும் மீண்டுவிடும்.

உண்மை: மெக்சிகோவின் கலிஃபோர்னியா வளைகுடாவில் மட்டுமே வாழ்கிறது வாக்கீட்டா. டால்பினுக்கு நெருங்கிய உறவு. ஒன்றரை மீட்டர் நீளம்தான் வளரும். இதைக் காப்பதற்கென்றே 1990-களில் மெக்சிகோ அரசு பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. குழுவின் வேலையில் குறை சொல்ல முடியாது. படகுச் சத்தம் கேட்டாலே விலகிப்போகும் இந்தப் பிராணியைக் கண்ணால் பார்த்து எண்ணுவது சிரமம். ஆகவே அது எழுப்பும் ‘கிளிக்’ ஒலிகளைப் பதிவுசெய்யும் குழாய் வடிவக் கருவிகளை நீருக்கடியில் நிறுத்தினார்கள். நம் காதுக்கு எட்டாத ஒலி அது. ஆண்டுக்கு ஆண்டு கிளிக்குகள் எவ்வளவு குறைகின்றன என்பதைக் கொண்டு அழிவின் வேகத்தைக் கணக்கிட்டார்கள். 1997-இல் 570-ஐ ஒட்டியிருந்த எண்ணிக்கை 2016-இல் 30-க்கு வந்திருந்தது.

அறிவியல் தன் வேலையைச் செய்தது. கடலில் வலை விரிப்பதுதான் நிற்கவில்லை. அங்கே தொத்துவாபா என்றொரு பெரிய மீன் உண்டு. நம் ஊர்க் கூறல் மீனின் குடும்பம். அதன் நெட்டிக்கு, அதாவது வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பைக்கு, சீனச் சந்தையில் கிடைக்கும் விலைக்கு முன் எந்த ஆய்வறிக்கையும் எடுபடாது. அதற்காகத் திருட்டுத்தனமாக விரிக்கும் செவுள் வலையில் வாக்கீட்டாவும் மாட்டிக்கொள்கிறது. மூச்சுவிட மேலே வர முடியாமல் செத்துப்போகிறது.

நம்பிக்கை: மிஞ்சியதைப் பிடித்துத் தொட்டியில் வளர்த்து இனத்தைப் பெருக்கலாம்.

உண்மை: 2017-இல் அதையும் செய்து பார்த்தார்கள். அமெரிக்கக் கடற்படை பழக்கிய டால்பின்களைக்கூடத் தேடலுக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் பிடித்த குட்டி மிரண்டுபோனதால் விட்டுவிட்டார்கள். அடுத்துப் பிடித்த பெண் வாக்கீட்டா இறந்துபோனது. திட்டமும் அத்தோடு சரி. சீனத்து யாங்சி நதியின் பைஜி டால்பின் கதை இன்னும் மோசம். ‘சிச்சி’ என்ற ஆண் பைஜி வூஹான் நகரத் தொட்டியில் 1980 முதல் 2002 வரை வாழ்ந்து, வாரிசு இல்லாமலே இறந்தது. 2006-இல் பன்னாட்டுக் குழு இரண்டு கப்பல்களில் ஆறு வாரம் நதியைச் சல்லடை போட்டுத் தேடியபோது ஒன்றுகூடத் தென்படவில்லை.

நம்பிக்கை: அதெல்லாம் எங்கோ நடப்பது. நம் கடலில் டால்பின் ஏராளம்.

உண்மை: 1950 முதல் 2018 வரை, இந்தியப் பெருங்கடலில் சூரை மீனுக்கு விரித்த செவுள் வலைகளில் சிக்கிய டால்பின் போன்ற சிறு கடல் பாலூட்டிகள் ஏறத்தாழ 41 லட்சம் என்று 2020-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு மதிப்பிட்டது. ஈரான், இந்தோனேசியா, இந்தியா, இலங்கை, பாகிஸ்தான் எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. டால்பினுக்குக் கடல் எல்லை தெரியாது என்று மேடையில் சொல்வது சுலபம். எல்லா நாட்டுப் படகுகளையும் ஒரே கணக்கில் கொண்டுவருவதுதான் கஷ்டம்.

நம்பிக்கை: ஆராய்ச்சிக்கு மீனவரால் இடைஞ்சல்தான்.

உண்மை: இதற்குப் பாகிஸ்தானில்தான் நல்ல பதில் கிடைத்தது. அங்கே செவுள் வலைப் படகுக்காரர்களே பயிற்சி பெற்று, எந்த வலையில் எத்தனை டால்பின் மாட்டியது என்று குறித்துக்கொடுத்தார்கள். பாகிஸ்தானியரும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து அந்தக் குறிப்புகளை அலசினார்கள். அதில் தெரிந்தது இதுதான்: மிதவைக்கும் வலைக்கும் நடுவில் கயிற்றை நீளமாக்கி, வலையை நீர்மட்டத்துக்கு 2 மீட்டருக்கும் கீழே இறக்கினால் போதும். டால்பின் சிக்குவது முக்கால் பங்குக்கு மேல் குறைகிறது. சாதனம் எதுவும் வாங்க வேண்டியதில்லை, கயிறுதான் செலவு. ஆனால் சூரை வரத்தும் குறைகிறது, அதை மறைக்கக் கூடாது.

இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் செவுள் வலைகளை 2023-க்குள் 2 மீட்டர் ஆழத்துக்கு இறக்க வேண்டும் என்று 2019-இல் தீர்மானம் போட்டது. தீர்மானம் போட்டாயிற்று. நடுக்கடலில் கயிற்றை அளக்கப்போவது யார், குறைகிற சூரைக்குப் படகுக்காரருக்கு ஈடு தரப்போவது யார் என்பதை ஒவ்வொரு நாடும்தான் சொல்ல வேண்டும்.