கண்ணளவு மருந்தாகாது

ஊசி மருந்திலும் கண் சொட்டு மருந்திலும் ஒரு கிருமிகூட உயிரோடு இருக்கக் கூடாது. குடிக்கும் மிக்சர், தோலில் தடவும் களிம்பு, பொட்டலம் கட்டித் தரும் பொடி ஆகியவற்றுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மருந்துக்கடையில் கையால் கலந்து தரப்படுபவை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான். இந்தச் சலுகையைப் பிடித்துக்கொண்டு கடைக்குக் கடை ஒரு பேச்சு ஓடுகிறது: "ஊசி மருந்தா என்ன? கண்ணளவாகப் போட்டு, இருக்கிற தண்ணீரை விட்டுக் கலக்கினால் போதும்."

வேலூர்–திருவண்ணாமலைச் சாலையில் இருக்கும் கண்ணமங்கலம் போன்ற பட்டு நெசவு ஊர்களில் இதன் விளைவு நேராகக் கையில் தெரியும். சோடாவிலும் சாயத்திலும் கை நனைப்பவர்களுக்குத் தோல் வெடிப்பும் அரிப்பும் வருவதுண்டு. சாலிசிலிக் அமிலத்தை வாசலினில் இத்தனை சதவீதம் கலந்து தரச் சொல்லித் தோல் மருத்துவர் சீட்டு எழுதுவார். குழந்தை மருத்துவர், பெரியவர்களுக்கான மாத்திரையைப் பொடித்துச் சிறு பொட்டலங்களாகத் தரச் சொல்வார். இரண்டுமே கையால் கலக்க வேண்டியவை. இரண்டிலுமே கண்ணளவு செல்லாது.

நம்பிக்கை: கிருமி நீக்கம் தேவைப்படாத மருந்துக்குக் கண்ணளவும் குழாய்த் தண்ணீரும் போதும்.

இதைவிட ஆபத்தான பேச்சு மருந்துக்கடையில் வேறில்லை. இதில் ஐந்து தவறுகள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, சுத்தம். தண்ணீர் சேர்ந்த குடிக்கும் மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 100 நுண்ணுயிர்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்பதும், ஈ.கோலி அறவே கூடாது என்பதும் மருந்துத் தரநூல்களின் விதி. தோலில் தடவும் மருந்தில் சீழ் பிடிக்க வைக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸும் சூடோமோனாஸும் இருக்கவே கூடாது. வெடித்த கைக்குத் தடவும் களிம்பைக் கழுவாத கையால் குழைப்பவர், புண்ணுக்குள் சீழைத் தடவித் தருகிறார்.

இரண்டாவது, தண்ணீர். கொதித்து ஆறிய தண்ணீரில் கிருமி குறையும். கரைந்திருக்கும் உப்புகள் முழுவதும் நீங்கிவிடாது. பட்டு நூலைச் சோப்புத் தண்ணீரில் வேகவைத்துப் பசை எடுப்பவர்களுக்கு, கடின நீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்துபோவது தெரியும். அதற்குக் காரணமான கால்சியமும் மெக்னீசியமும் சோப்பை வைத்துக் கலக்கும் டர்பன்டைன் லினிமென்டையும் எண்ணெய் வேறு, நீர் வேறாகப் பிரித்துவிடும். வீட்டு ஆர்.ஓ. தண்ணீரும் இதற்கு மாற்றல்ல. தரநூல் கேட்பது சுத்திகரிக்கப்பட்ட நீர். அதை வாங்கத்தான் வேண்டும்.

மூன்றாவது, மூலப்பொருள். கிளிசரினும் புரொப்பிலீன் கிளைக்காலும் டைஎத்திலீன் கிளைக்காலும் நிறமற்றவை, பாகு போன்றவை, இனிப்பானவை. கண்ணும் நாக்கும் இவற்றைப் பிரித்தறியாது. கடைசியாகச் சொன்னது சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சு. 1937இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடை இதில் கரைத்து விற்றதால் நூறு பேருக்கு மேல் இறந்தனர். 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் இது கலந்த கிளிசரின் 14 உயிர்களைக் குடித்தது. 2025இல் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான 'கோல்ட்ரிஃப்' இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். அந்த மருந்தில் தமிழக அரசு ஆய்வகம் சோதித்த தொகுதியில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது; தரநூல் அனுமதிக்கும் உச்சவரம்பு 0.1 சதவீதம். ஆலையிலேயே இது நடக்கும்போது, ரசாயனக் கடையில் பெயர் தெரியாத கேனில் வாங்கிய கிளிசரினை மருந்தில் ஊற்றுவதற்கு எந்த நியாயமும் இல்லை. இந்திய மருந்துத் தரநூலைக் குறிக்கும் 'ஐ.பி.' என்ற தரக் குறியும், தொகுதி எண்ணும், பரிசோதனைச் சான்றும் இல்லாத பொருள் கலக்கும் மேசைக்கு வரக் கூடாது.

நான்காவது, எடை. மருந்துப் பொருள்கள் விதிகள், 1945இன் 'என்' அட்டவணை, மருந்து கலக்கும் கடையில் இருக்க வேண்டிய கருவிகளைப் பட்டியலிடுகிறது. அதில் உள்ள தராசின் நுண்மை 30 மில்லிகிராம். ஐந்து சதவீதப் பிழைக்குள் எடை போட வேண்டுமென்றால் அந்தத் தராசில் 600 மில்லிகிராமுக்குக் குறைவாக எதையும் நிறுக்க முடியாது. 30 மில்லிகிராம் மருந்து வேண்டும் என்றால் என்ன செய்வது? 600 மில்லிகிராம் மருந்தை நிறுத்து, 11,400 மில்லிகிராம் லாக்டோஸுடன் சீராகக் கலந்து, அந்தக் கலவையில் 600 மில்லிகிராம் எடுக்க வேண்டும். அதில் மருந்து சரியாக 30 மில்லிகிராம் இருக்கும். கத்தி முனையில் கொஞ்சம் எடுத்துப் போடுவது கணக்கல்ல, சூதாட்டம்.

மாத்திரையைப் பொடிக்கும்போதும் இதே கதைதான். 40 மில்லிகிராம் என்று அட்டையில் அச்சிட்ட மாத்திரையின் எடை 40 மில்லிகிராம் அல்ல. மாவும் பசையும் சேர்ந்து அது பல மடங்கு இருக்கும். முழு மாத்திரையை நிறுத்துப் பார்க்காமல் பொட்டலத்துக்கு எவ்வளவு பொடி என்று சொல்லவே முடியாது.

ஐந்தாவது, கலக்கும் முறை. 30 கிராம் களிம்பில் 3 சதவீதம் சாலிசிலிக் அமிலம் என்றால் அமிலம் 900 மில்லிகிராம், வாசலின் 29.1 கிராம். வாசலினை முழு 30 கிராம் எடுப்பது வழக்கமான பிழை. அமிலத்தை நைசாக அரைத்து, சிறிதளவு திரவப் பாரஃபினில் பீங்கான் பலகையில் குழைத்து, அதே அளவு வாசலினைச் சேர்க்க வேண்டும். திரவப் பாரஃபினின் எடையும் வாசலின் கணக்கிலேயே அடங்கும். பிறகு கலவையின் அளவுக்குச் சமமாக வாசலினை மீண்டும் மீண்டும் சேர்த்து இரட்டிப்பாக்க வேண்டும். மொத்தத்தையும் ஒரே தடவையில் கொட்டிக் கிளறினால் ஒரு பக்கம் வெறும் வாசலின், மறுபக்கம் கட்டியான அமிலம். 3 சதவீதத்தில் செதிலை இளக்கும் இதே அமிலம், 12 சதவீதத்துக்கு மேல் போனால் கால் ஆணியையே அரித்தெடுக்கும். இரும்புக் கரண்டியும் உதவாது. அமிலம் உலோகத்தைத் தின்னும். 'என்' அட்டவணை ரப்பர் ஸ்பேச்சுலாவையும் கேட்பது அழகுக்கு அல்ல.

இத்தனைக்குப் பிறகும் "கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் என்ன" என்று கேட்பவர்களுக்கு 1998இல் இங்கிலாந்தில் நடந்தது பதில் சொல்லும். பச்சிளம் குழந்தையின் வயிற்று வலிக்கு எழுதப்பட்ட பெப்பர்மின்ட் தண்ணீரில், இரட்டைச் செறிவுக் குளோரோஃபார்ம் நீருக்குப் பதிலாக அடர் குளோரோஃபார்ம் நீர் சேர்ந்தது. செறிவு 20 மடங்கு. கலந்தவர் பயிற்சியில் இருந்தவர். குழந்தை இறந்தது. அதுவும் கிருமி நீக்கம் தேவைப்படாத, வாய்வழி மருந்துதான்.

நம்பிக்கை: எந்த மாத்திரையையும் பொடிக்கலாம்.

கூடாது. குடலில் கரைவதற்காக உறை போட்ட பாண்டோபிரசோலைப் பொடித்தால் இரைப்பை அமிலமே அதை அழித்துவிடும். எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று பெயரில் இருக்கும் மாத்திரையைப் பொடித்தால் நாள் முழுவதுக்குமான மருந்து ஒரே மூச்சில் உடம்பில் இறங்கும்.

நம்பிக்கை: ஃபிரிட்ஜில் வைத்தால் கெடாது.

பதனப்பொருள் சேர்க்காத, தண்ணீர் உள்ள கலவைக்கு அமெரிக்கத் தரநூல் தரும் ஆயுள், ஃபிரிட்ஜில் வைத்தாலும் 14 நாள். பதனப்பொருள் சேர்த்தால் 35 நாள். வாங்கிய பொருளின் டப்பாவில் இருக்கும் காலாவதித் தேதி, கலந்த மருந்துக்குச் செல்லாது.

நம்பிக்கை: தேனில் குழைத்தால் குழந்தைக்கு நல்லது.

ஒரு வயதுக்குக் கீழ் தேனே கூடாது. போட்டுலிசம் என்னும் நச்சு நோய்க்கு அது வழிவிடும்.

நம்பிக்கை: வீட்டு ஸ்பூன் என்றால் 5 மி.லி.

வீட்டுக்கு வீடு ஸ்பூன் மாறும். அளவு மூடியோ சிரிஞ்சோ தர வேண்டும். அடியில் படியும் தொங்கல் மருந்தை (சஸ்பென்ஷனை) குலுக்காமல் ஊற்றினால் முதல் நாள் தண்ணீரும் கடைசி நாள் அளவுக்கு மீறிய மருந்தும் போகும். வலிப்பு நோய்க்கான ஃபெனிட்டாயினில் இது உயிர்ப் பிரச்சினை. "நன்றாகக் குலுக்கவும்" என்று தமிழில் எழுதி ஒட்ட இரண்டு நொடி ஆகும்.

நம்பிக்கை: அனுபவமுள்ள உதவியாளர் இருந்தால் மருந்தாளுநர் தேவையில்லை.

பார்மசி சட்டம், 1948இன் 42ஆம் பிரிவு, மருத்துவர் சீட்டுக்கு மருந்து கலக்கும் உரிமையைப் பதிவு பெற்ற மருந்தாளுநருக்கே தருகிறது. மருத்துவர் தம் சொந்த நோயாளிக்குக் கலப்பதற்கு விலக்கு உண்டு. கடையில் கலக்கும் மருந்தை மருந்தாளுநரே கலக்க வேண்டும், அல்லது அவருடைய நேரடி மேற்பார்வையில் கலக்க வேண்டும் என்று மேலே சொன்ன 1945 விதிகளின் 65ஆம் விதியும் சொல்கிறது. சான்றிதழ் சுவரில் தொங்க, அதற்குரியவர் வேறு ஊரில் இருப்பது மேற்பார்வை ஆகாது. சான்றிதழை வாடகைக்கு விடும் வழக்கம் ஒழியாத வரை, தராசு வாங்கியும் நல்ல தண்ணீர் வாங்கியும் பயனில்லை. அந்த நேரடி மேற்பார்வையில் உதவியாளர் நிறுக்கலாம், அரைக்கலாம், குழைக்கலாம். கணக்கையும் எடையையும் மருந்தாளுநர் தம் கண்ணால் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

கலந்த ஒவ்வொரு மருந்துக்கும் பொருள்களின் பெயர், தொகுதி எண், நிறுத்த எடை, கலந்த நாள், கெடு நாள், கலந்தவர், சரிபார்த்தவர் ஆகிய விவரங்கள் பதிவேட்டில் ஏற வேண்டும். கலந்து வாங்கும் மருந்தின் புட்டியில் கலந்த நாளும் கெடு நாளும் இல்லையென்றால், அதை வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுவதே நோயாளி செய்ய வேண்டியது.