நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணம்: வழி வகுப்போரும் தொண்டர்களும் அறிய வேண்டியவை

போட்டியாக அல்லாமல், குறித்த நேரத்துக்குள் முடிப்பதையே இலக்காகக் கொண்ட நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணம் 'பிரெவே' எனப்படுகிறது; இதில் 200 கி.மீ. தொலைவுக்கு 13 மணி 30 நிமிடமும், 600 கி.மீ.க்கு 40 மணி நேரமும் வரம்பாகும்.

வழியை வகுப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது குறுக்குவழியையே. வழி வில்போல் வளைந்து சென்று, அதன் இரு முனைகளையும் நெடுஞ்சாலை ஒன்று நாண்போல் இணைக்குமானால், வளைவின் நடுவில் 'கன்ட்ரோல்' எனப்படும் சோதனைச் சாவடி அமைய வேண்டும். அங்கே ஆளை நிறுத்த இயலாதபோது, பாலத்தில் பொறித்துள்ள ஆண்டு என்ன என்பதுபோல, நேரில் சென்றவரே விடை எழுதக்கூடிய கேள்வியைப் பயண அட்டையில் அச்சிடலாம். இணைய வரைபடத்தின் தெருப்படத்தில் தெளிவாகத் தெரியும் பெயர்ப்பலகையைக் கேட்பது வீண்வேலை.

சாவடிகள் மூடும் நேரம் பொதுவாக மணிக்கு 15 கி.மீ. என்ற குறைந்தபட்ச வேகத்தைக் கொண்டு கணக்கிடப்படுவதால், காலை 6 மணிக்குத் தொடங்கும் பயணத்தில் 90ஆவது கி.மீ. சாவடி நண்பகல் 12 மணி வரை திறந்திருக்க வேண்டும். பதினொன்றரை மணிக்கே மேசையை மடித்துவிடும் தொண்டர், சக்கரம் பஞ்சராகித் தாமதித்து 11.50க்கு வந்து சேர்பவரின் உழைப்பைப் பாழாக்குகிறார்.

அட்டையில் முத்திரையும் வந்த நேரமும் கையொப்பமும் இடுவதே தொண்டரின் முதற்பணி. தண்ணீரும் வாழைப்பழமும் அதற்கு அடுத்தவையே. சாவடிகளுக்கு இடையே வாகனத்தில் பின்தொடர்ந்து உதவுவது விதிமீறலாதலால், உறவினரிடமும் இதை முன்பே சொல்லிவிடுவது நல்லது. இரவுப் பயணமாயின், புறப்படும் இடத்திலேயே முன்விளக்கு, பின்விளக்கு, ஒளி எதிரொளிக்கும் மேலாடை ஆகியவற்றைச் சரிபார்த்துவிட வேண்டும்.