கடலாமைக் கூடுகளும் நுண்ணுயிர்களும்

கடற்கரைக்குச் சென்று கால் நனைத்துத் திரும்பும் நம்மில் பலர், நம் பாதங்களுக்கு ஒன்றரை அடி கீழே நூறு உயிர்கள் உருவாகிக்கொண்டிருக்கலாம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. தை முதல் பங்குனி வரை சோழமண்டலக் கரையில் முட்டையிட வரும் ஆமையைப் பங்குனி ஆமை என்பர். ஆலிவ் ரிட்லி எனப்படுவதும் இதுவே. இவ்வாமையின் எதிரிகள் யாவை என்று கேட்டால் நாய், நரி, நண்டு, மனிதன் என்று விடை வரும். கண்ணுக்குத் தெரியாத இன்னோர் எதிரியும் உண்டு. அதனைப் பற்றியதே இக்கட்டுரை.

கூடும் முட்டையும்

தாய் ஆமை இரவில் கரையேறி, பின்கால்களால் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் ஆழத்தில் குடம் போன்ற குழி பறித்து, நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடுகிறது. பின்னர் அது கூட்டின் பக்கம் வருவதே இல்லை. 45 முதல் 60 நாட்கள் வரை மணலே செவிலித்தாய்.

கோழி முட்டையின் ஓட்டைப் போல ஆமை முட்டையின் ஓடு கெட்டியானதன்று. தோல் போல மென்மையானது. அதிலுள்ள நுண்துளைகள் வழியே கரு பிராணவாயுவைப் பெறுகிறது, கரியமில வாயுவை வெளியேற்றுகிறது, ஈரத்தையும் உறிஞ்சுகிறது. உயிர் காக்கும் இதே துளைகள்தாம் பகைவனுக்கும் வாயிலாகின்றன.

பாக்டீரியா நுழையும் வழிகள்

வழிகள் பல. முட்டை வெளிவரும்போது தாயின் கழிவுப்புழையிலிருந்து ஒட்டிக்கொள்வது ஒன்று. சுற்றியுள்ள மணலிலிருந்து வருவது மற்றொன்று. அழுகிய முட்டையிலிருந்து அண்டை முட்டைக்குப் பரவுவது மூன்றாவது. முட்டைகளை இடம் மாற்றுவோரின் கைகள் நான்காவது. பொரியாத முட்டைகளிலிருந்து சூடோமோனாஸ், சால்மோனெல்லா, சிட்ரோபாக்டர் முதலிய பாக்டீரியாக்களை ஆய்வாளர்கள் பிரித்தெடுத்துள்ளனர். பியூசேரியம் என்னும் பூஞ்சையும் இவற்றிற்குத் துணை நிற்கிறது.

எனினும் முட்டை முற்றிலும் நிராயுதபாணி அன்று. வெண்கருவில் பாக்டீரியாவை எதிர்க்கும் புரதங்கள் உள்ளன. அலெக்சாண்டர் பிளெமிங் 1922-இல் அறிவித்த லைசோசைம் இவ்வகையைச் சார்ந்ததே. ஆகவே பாக்டீரியா இருப்பதனாலேயே முட்டை கெட்டுவிடும் என்று கொள்ளலாகாது. அதன் அளவு பெருகும்போதுதான் தீங்கு பெருகுகிறது.

ஒஸ்டியோனால் தரும் பாடம்

நடு அமெரிக்காவில் கோஸ்டாரிகா நாட்டின் பசிபிக் கரையில் ஒஸ்டியோனால் என்னும் கடற்கரை உள்ளது. அங்கே இதே இன ஆமைகள் ஆயிரக்கணக்கில் ஒருசேரக் கரையேறுகின்றன. முதலில் வந்தவை இட்ட முட்டைகளைப் பின்னால் வந்தவை தோண்டி உடைத்துவிடுகின்றன. உடைந்தவை மணலிலேயே அழுகுகின்றன. அவ்வழுகலை உண்ணும் நுண்ணுயிர்கள் பெருகி, கூட்டிலுள்ள பிராணவாயுவைச் செலவிடுகின்றன, வெப்பமும் உயர்கிறது. நல்ல முட்டைகளின் கருவும் மூச்சுத் திணறி மடிகிறது. மணலில் நுண்ணுயிர்களின் அளவைக் குறைத்து ஆய்வாளர்கள் சோதித்தபோது, பொரிக்கும் விகிதம் உயர்ந்தது. பாக்டீரியா முட்டைக்குள் நுழையாமலே அதனைக் கொல்லக்கூடும் என்பதே இதனால் நாம் அறியும் உண்மை. எப்படியும் அழியப்போகும் முதற்கட்ட முட்டைகளை ஊரார் எடுத்துக்கொள்ள அந்நாடு 1987 முதல் அனுமதி அளித்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான் செய்த பிழை

கோஸ்டாரிகா வரை போவானேன்? நம் கரையிலேயே நான் கற்ற பாடம் ஒன்று உண்டு. சென்னைப் பகுதியில் 1970-களிலிருந்தே ஆர்வலர்கள் இரவில் நடந்து கூடுகளைத் தேடி, முட்டைகளைப் பொரிப்பகத்தில் புதைத்துக் காத்து வருகின்றனர். அத்தகைய பொரிப்பகம் ஒன்றில் நானும் தொண்டு செய்தேன். ஓர் இரவு என்னிடம் ஒரு பை முட்டைகளைக் கொடுத்துப் புதைக்கச் சொன்னார்கள். குழி பறித்தபோது பழைய முட்டையோடுகள் சில மண்ணோடு வந்தன. சென்ற ஆண்டுக் கூட்டின் எச்சம் என்று தெரிந்தும், தூக்கக் கலக்கத்தில் அவ்விடத்திலேயே புதைத்துவிட்டேன்.

அறுபது நாட்கள் கழிந்தன. பக்கத்துக் கூடுகளில் குஞ்சுகள் புறப்பட்டுவிட்டன. என் கூட்டில் அசைவே இல்லை. தோண்டினேன். முதலில் நாற்றம் வந்தது. சில முட்டைகள் இளஞ்சிவப்பாகவும் சில கருத்தும் கிடந்தன. புழுக்கள் நெளிந்தன. உயிரோடு இருந்தவை மூன்றே குஞ்சுகள். அவற்றை அலையருகே விட்டுவிட்டு வீடு திரும்பினேன். அன்று எனக்கு உணவு செல்லவில்லை.

மறுநாள் எங்கள் விலங்கியல் பேராசிரியரிடம் சொன்னேன். "ஒரு கூட்டைக் கொண்டு காரணத்தை நிறுவ முடியாதப்பா. மழை நீரும் காரணமாகலாம்; நீ தாமதமாகப் புதைத்ததும் காரணமாகலாம். ஆனால் தவிர்த்திருக்கக் கூடியதைத் தவிர்க்கவில்லை என்பது மட்டும் உறுதி," என்றார். அச்சொல் இன்றும் என் நெஞ்சில் நிற்கிறது.

செய்ய வேண்டியவை

1. பொரிப்பகத்தை ஆண்டுதோறும் புதிய இடத்தில் அமைக்க வேண்டும். இயலாவிடின் பழைய மணலை அகற்றிப் புதுமணல் நிரப்ப வேண்டும்.
2. குஞ்சுகள் வெளியேறியதும் கூட்டைத் தோண்டி, ஓடுகளையும் அழுகிய முட்டைகளையும் தொலைவில் புதைக்க வேண்டும்.
3. அழுகிய கூட்டைத் தொட்ட கையால் புதிய முட்டைகளைத் தொடலாகாது. சால்மோனெல்லா நம்மையும் தாக்கும். ஆகவே கை கழுவுவது இரு சாராருக்கும் நன்று.
4. முட்டைகளைச் சில மணி நேரத்திற்குள், உருட்டாமல் இடம் மாற்ற வேண்டும். தாமதித்தால் கருவின் சவ்வு ஓட்டின் மேற்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். பின்னர் புரட்டினால் கரு மடியும்.
5. கூடுகளுக்கிடையே போதிய இடைவெளி விட வேண்டும்.

முடிவுரை

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ஆமையை மனிதனிடமிருந்து காக்கிறது. நுண்ணுயிரிடமிருந்து காக்கச் சட்டம் இல்லை. நம் கவனமே உண்டு. அன்பு மட்டும் போதாது, அன்போடு தூய்மையும் வேண்டும் என்பதை அந்த மூன்று குஞ்சுகள் எனக்குக் கற்பித்தன. அடுத்த தை மாதம் கரைக்கு வரும் நண்பர்கள், குழி பறிக்கும் முன் ஒரு பிடி மணலை அள்ளி உற்றுப் பார்ப்பார்களாயின், இக்கட்டுரை எழுதியதன் பயனை நான் அடைந்தவனாவேன்.