உப்புத் திரவமும் விண்கலமும்

உப்பு என்றவுடன் நாம் கருதுவது உலர்ந்த கட்டியையே. சமையலுப்பை உருக்குதற்கு 801 பாகை சென்டிகிரேடு உஷ்ணம் வேண்டும். ஆயினும் சாதாரண உஷ்ண நிலையிலேயே நீர்போல் ஒழுகும் உப்புகளும் உள. 12 பாகையிலேயே உருகும் உப்பொன்றைப் பற்றிப் பால் வால்டன் என்னும் இரசாயன நூலறிஞர் 1914-ஆம் ஆண்டில் எழுதினார். இத்தகையவற்றை அயனித் திரவங்கள் என்பர். இவை விண்கலத்தைச் செலுத்துதற்கு உதவுமாற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

வெற்றிடத்தில் கலம் முன்செல்ல வேண்டின், அது தன்பாலுள்ள பொருளைப் பின்னே எறிதல் வேண்டும். எறியும் வேகம் மிகுந்தால், செலவாகும் பொருள் குறையும். எரிபொருளை எரித்து வெளிவிடும் வாயு விநாடிக்கு ஏறத்தாழ நாலரை கிலோமீட்டர் வேகமே பெறும். மின்சக்தியோ இவ்வெல்லையைக் கடக்க வல்லது.

ஊசிமுனையொன்றில் அயனித் திரவத்தை ஊறச்செய்து, எதிரே துளையிட்ட தகடொன்றை வைத்து, இரண்டிற்குமிடையே 1000 வோல்ட் மின்னழுத்தம் கொடுப்போமாக. மின்விசை திரவத்தை வெளியே இழுக்கும். பரப்பு இழுவிசை அதனைத் தடுக்கும். இவை சமப்படுங்கால் திரவம் கூம்புருக் கொள்ளும். அதன் அரைக்கோணம் 49.3 பாகை என ஜி. ஐ. டெய்லர் 1964-இல் கணக்கிட்டார். நுனியில் மின்புலம் மிகக் கடுமையாதலின், அயனிகள் திரவத்தினின்றும் நேரே பிரிந்து பாயும். ஐதரசன் அணுவைப்போல் 111 மடங்கு எடையுள்ள அயனி, 1000 வோல்ட்டினால் விநாடிக்கு ஏறத்தாழ 41 கிலோமீட்டர் வேகம் பெறும்.

இத்திரவம் வெற்றிடத்திலும் ஆவியாய்க் கழிவதில்லை. ஆதலின் அழுத்தக் கலங்கள் வேண்டா. ஆனால் நேர் அயனிகளையே வெளிவிடின், எதிர் அயனிகள் தங்கித் திரவத்தைக் கெடுக்கும். கலமும் மின்னேற்றம் பெறும். இதனைத் தவிர்க்க, மின்னழுத்தத்தின் திசையை மாற்றி மாற்றி இருவகை அயனிகளையும் வெளிவிடுவர்.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் ஏவப்பட்ட லிசா பாத்ஃபைண்டர் என்னும் கலம், இவ்வினத்துக் கருவிகளை ஏந்திச் சென்றது. அவை அயனிகளுக்குப் பதிலாக நுண்துளிகளை வெளிவிட்டன. ஒவ்வொன்றும் 5 முதல் 30 மைக்ரோநியூட்டன் விசை தந்தது. அஃது ஒரு கொசுவின் எடையளவே. சூரிய ஒளி கலத்தைத் தள்ளும் மெல்லிய விசையையும் எதிர்த்து நிற்க அதுவே போதுமானதாயிற்று.

இத்துணைச் சிறு விசையால் பயன் யாதெனின், கணக்கிட்டுக் காண்க. 3 கிலோகிராம் எடையுள்ள கலத்தின்மீது 30 மைக்ரோநியூட்டன் விசை ஓராண்டு இடைவிடாது செயற்படின், அதன் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 315 மீட்டர் மிகும். எறும்பு ஊரக் கல்லுந் தேயும் என்பது விண்ணிலும் பொய்யாதல் இல்லை.