காதல் கதையும் மர்மக் கதையும் படிக்க வந்திருக்கும் பிள்ளைகளுக்கு

1. வெட்கப்படாமல் படியுங்கள். பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படிக்கும் சமாசாரம் என்றுதான் எங்கள் தலைமுறையில் இந்தக் கதைகளைப் பற்றிச் சொன்னார்கள். ஆனால் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலிலிருந்து குந்தவைமேல் வந்தியத்தேவன் கொள்ளும் மையலையும், ஆதித்த கரிகாலனைச் சூழ்ந்து வரும் சதியையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். சோழர் வரலாற்றுக் குறிப்புகள்தான் மிஞ்சும். 1950 முதல் 1954 வரை கல்கி இதழ் வரும் நாளுக்காகத் தமிழ் வீடுகளைக் காத்திருக்க வைத்தவை அந்த இரண்டும்தான்.

2. காதல் நாவலில் இருவரும் கடைசியில் சேர்ந்துவிடுவார்கள் என்பது அட்டைப்படத்திலேயே தெரிந்துவிடும். ஆகவே அவர்களைப் பிரித்து வைத்திருப்பது எது என்று பாருங்கள். ஒரு காதல் கதையின் தரத்தை நான் அந்தத் தடையை வைத்தே மதிப்பிடுகிறேன். “அன்றைக்கு உன்னோடு வந்தவள் யார்?” என்று நேராகக் கேட்டிருந்தால் தீர்ந்துபோகும் சந்தேகத்தை இருநூறு பக்கம் இழுக்கும் புத்தகத்தைத் தயங்காமல் மூடி வையுங்கள்.

ஜேன் ஆஸ்டினின் ‘ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ 1813இல் வந்தது. மொத்தம் 61 அத்தியாயங்கள். டார்சி தன் காதலைச் சொல்வது 34ஆவது அத்தியாயத்திலேயே நடந்துவிடுகிறது. எலிசபெத் மறுத்துவிடுகிறாள். மறுநாள் காலை அவன் ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறான். அதை அவள் முதலில் கோபத்தோடு படிக்கிறாள். பிறகு நடந்துகொண்டே திரும்பத் திரும்பப் படிக்கிறாள். படிக்கப் படிக்க, ஆட்களை எடைபோடுவதில் தான் கெட்டிக்காரி என்று இத்தனை நாள் வைத்திருந்த நினைப்பு உடைகிறது. இருவரையும் பிரித்து வைத்தது அவனுடைய செருக்கும் அவளுடைய அவசரத் தீர்ப்பும். அவை கரைவதற்கு இன்னும் 27 அத்தியாயங்கள் வேண்டியிருக்கின்றன; அதில் ஒரு பக்கம்கூட வீண் இல்லை. கதை முழுவதும் தெரிந்திருந்தும் அந்தக் கடிதப் பகுதி வரும்போது எனக்கு இன்னும் நெஞ்சு படபடக்கிறது.

3. மர்மக் கதையை இரண்டு முறை படியுங்கள். முதல் முறை ஏமாறலாம். எங்கே ஏமாந்தோம் என்று இரண்டாம் முறை பார்க்கலாம். அகதா கிறிஸ்டியின் ‘ரோஜர் ஆக்ராய்டின் கொலை’ 1926இல் வந்தபோது, வாசகரை அநியாயமாக ஏமாற்றிவிட்டார் என்று சிலர் சண்டைக்கே வந்தார்கள். முடிவு தெரிந்த பிறகு முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். துப்புகள் கண்ணெதிரே கிடந்திருக்கும்; வேகத்தில் நாம்தான் தாண்டி வந்திருப்போம். கடைசிப் பத்துப் பக்கத்தில் புதிதாக ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தி, இவனே கொலையாளி என்று சொல்லும் எழுத்தாளரிடம் மறுபடி போக வேண்டாம்.

4. நம் மாத நாவல்களை ஒதுக்கிவிடாதீர்கள். பஸ் ஸ்டாண்டு கடைகளில் வரிசையாகத் தொங்கிய அந்தச் சின்னப் புத்தகங்கள் எத்தனையோ பேரைப் படிக்கப் பழக்கியிருக்கின்றன. கோவைக்காரரான ராஜேஷ்குமார் 1,500க்கு மேல் எழுதியிருக்கிறார். சம்பந்தமே இல்லாதது போலத் தோன்றும் இரண்டு கதைகளை அத்தியாயம் மாற்றி அத்தியாயம் ஓடவிட்டு, கடைசியில் ஒன்றாக முடிச்சுப் போடுவது அவருக்குக் கைவந்த வித்தை. பாதிப் புத்தகத்தில் நிறுத்தி, முடிச்சு எங்கே விழும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு மேலே படியுங்கள். கதை கட்டப்படும் விதம் பிடிபட இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும் துப்பறியும் வேலைக்கு நடுவில் ஒருவரை ஒருவர் சீண்டிக்கொள்வதையும் ரசியுங்கள்.

5. காதலும் மர்மமும் ஒரே நாவலில் வரும்போது, இரண்டும் ஒன்றையொன்று தாங்குகின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலானவற்றில் காதல், சினிமாவில் பாட்டு வருவது போல நடுவில் வந்துவிட்டுப் போகும். டாஃப்னி டு மாரியர் 1938இல் எழுதிய ‘ரெபெக்கா’ அப்படி அல்ல. கதை சொல்லும் இளம் மனைவிக்குப் பெயரே கிடையாது; இறந்துபோன முதல் மனைவியின் பெயர்தான் புத்தகத்தின் தலைப்பு. மாண்டர்லி மாளிகையில் எழுதுமேசை, மழைக்கோட்டு, வீட்டை நிர்வகிக்கும் டான்வர்ஸ் அம்மாள் என எந்தப் பக்கம் திரும்பினாலும் இறந்தவளே நிற்கிறாள். கணவன் இன்னும் அவளைத்தான் நேசிக்கிறானா என்று இளம் மனைவி தவிக்கிறாள். ரெபெக்கா எப்படி இறந்தாள் என்று நாம் தவிக்கிறோம். இரண்டுக்கும் ஒரே உரையாடலில் விடை கிடைக்கிறது. அந்த இடத்தை எழுதியதற்காகவே டு மாரியரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஹிட்ச்காக் 1940இல் இதைப் படமாக எடுத்தபோது, அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிகளுக்காகக் கதையின் மையமான ஒரு செயலை விபத்தாக மாற்ற வேண்டியிருந்தது. படம் பார்த்தவர்களும் நாவலைப் படிக்கத்தான் வேண்டும்.

6. கதாநாயகன் அறைகிறான், மிரட்டித் தாலி கட்டுகிறான்; கதாநாயகி அழுது முடித்து அவனையே நேசிக்கிறாள். நம் குடும்ப நாவல்களில் இது ஏராளம். எவ்வளவு சரளமாக எழுதியிருந்தாலும் இதைக் காதல் என்று ஏற்காதீர்கள். பெண் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லவில்லை, பையன்களுக்கும் சேர்த்துத்தான்.

7. யாரிடமும் முடிவைச் சொல்லாதீர்கள்.

8. விடை சொல்லாமல் முடியும் கதையைப் படித்து எரிச்சல்படாதீர்கள். சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ பேயா, விஞ்ஞானமா என்ற வழக்கைக் கணேஷ், வசந்த் இருவர் கையிலும் விட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. கல்கிக்கு இன்னும் பெரிய துணிச்சல். ஆதித்த கரிகாலனைக் கொன்ற வழக்கில் ரவிதாசன், சோமன், பரமேஸ்வரன் ஆகியோரின் பெயர்களைக் காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறது. அந்தப் பெயர்களைத் தன் நாவலில் சதிகாரர்களாக உலவவிட்ட கல்கி, குத்தியது யார் கை என்பதை மட்டும் இருட்டிலேயே வைத்தார். முடிந்தபின் வாசகர்கள் விடாமல் கேட்டதற்கு ஒரு முடிவுரையே எழுத வேண்டி வந்தது. நீங்களும் அந்தக் கேள்வியோடு சில நாள் இருங்கள். பிறகு கடம்பூர் மாளிகை அத்தியாயங்களை மட்டும் எடுத்து, விளக்கு அணைவதற்கு முன்னால் நந்தினி, மணிமேகலை, வந்தியத்தேவன், பெரிய பழுவேட்டரையர் ஒவ்வொருவரும் எங்கே நின்றார்கள், யார் கையில் என்ன இருந்தது என்று பார்த்துக்கொண்டே படியுங்கள்.