சோர்ஸை ரீஸ்டார்ட் செய்தால் அறுந்துபோகும் ரெப்ளிகேஷன்

கேள்வி: எங்கள் சங்கத்தின் கணக்குகள் உபுண்டுவில் ஓடும் மைஎஸ்க்யூஎல் 8.0-இல் இருக்கின்றன. இன்னொரு சர்வரில் ரெப்ளிகா அமைத்தேன். முதலில் 2003 என்ற பிழை வந்தது. பைண்ட்-அட்ரஸை மாற்றியதும் அது போய் 2061 வந்தது. பாஸ்வேர்ட் சரிதானா என்று பார்க்க, ரெப்ளிகாவிலிருந்து அதே யூசர் பெயரில் கையால் லாகின் செய்தேன். நுழைய முடிந்தது, சற்று நேரத்தில் ரெப்ளிகேஷனும் ஓடத் தொடங்கிவிட்டது! ஆனால் சோர்ஸ் சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி 2061. நேட்டிவ் பாஸ்வேர்ட் முறைக்கு மாறிவிடு, ஃபயர்வாலையும் அணைத்துவிடு என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். 2061 வருகிறது என்றாலே ஃபயர்வால் வழிவிட்டுவிட்டது என்றுதான் பொருள். இணைப்பு எதுவரை போய் நின்றது என்பதைப் பிழை எண்ணே சொல்லிவிடும். 2003 என்றால் போர்ட் 3306-ஐயே எட்டவில்லை. அதோடு 111 இருந்தால் அந்த முகவரியில் சர்வர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. 110 இருந்தால் பதிலே வரவில்லை, பெரும்பாலும் ஃபயர்வாலின் வேலை. 1045 என்றால் சர்வரை எட்டியாயிற்று. பெயரோ பாஸ்வேர்டோ, எந்த முகவரியிலிருந்து நுழையலாம் என்ற அனுமதியோ பொருந்தவில்லை. நீங்கள் இவற்றையெல்லாம் தாண்டிவிட்டீர்கள்.

உங்கள் கோளாறு வேறு. அதை மறைத்தது நீங்கள் செய்த சோதனைதான். மைஎஸ்க்யூஎல் 8.0-இல் புதிய யூசருக்கு இயல்பாக அமைவது கேச்சிங் ஷா2 முறை. முதல்முறை நுழைபவரிடம் சர்வர் முழு பாஸ்வேர்டைக் கேட்கும். அதை மறையாக்கம் இல்லாத இணைப்பில் வெறுமனே வாங்கிக்கொள்ளாது; அப்போது வருவதுதான் 2061. ஒருமுறை சரிபார்த்துவிட்டால் அதன் சுருக்கத்தை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறைகளில் அதை வைத்தே விரைவாகச் சோதித்து உள்ளே விடும். கையால் லாகின் செய்யும்போது கிளையன்ட் தானாகவே டிஎல்எஸ் கேட்டுப் பெறுகிறது. ரெப்ளிகாவோ, நாம் சொன்னாலொழியக் கேட்பதில்லை. நீங்கள் நுழைந்தபோது அந்தச் சுருக்கம் சோர்ஸின் நினைவகத்தில் ஏறியது. அந்தத் தயவில் ரெப்ளிகாவும் நுழைந்தது. ரீஸ்டார்ட் செய்ததும் நினைவகம் காலி.

நல்ல, நிலையான தீர்வு இதுதான்: ரெப்ளிகாவையும் டிஎல்எஸ்ஸில் பேசவையுங்கள். ரெப்ளிகாவை நிறுத்திவிட்டு, 'சேஞ்ச் ரெப்ளிகேஷன் சோர்ஸ்' கட்டளையில் 'சோர்ஸ் எஸ்எஸ்எல்' மதிப்பை 1 என்று கொடுத்துத் திரும்பத் தொடங்குங்கள். 8.0.23-க்கு முந்தைய பதிப்பானால் அதே கட்டளை 'மாஸ்டர்' என்ற பெயரில் இருக்கும். சான்றிதழ்கள் இல்லாவிட்டால், சர்வர் தொடங்கும்போது தானே உருவாக்கி வைத்திருக்கும். இங்கே கவனம் வேண்டும்: ஹோஸ்ட், போர்ட் இரண்டையும் அந்தக் கட்டளையில் மறுபடி எழுதாதீர்கள். பழைய மதிப்பையே எழுதினாலும் இது வேறு சோர்ஸ் என்று ரெப்ளிகா எடுத்துக்கொண்டு, பின்லாக்கில் எதுவரை படித்தோம் என்பதைக் கைவிட்டுவிடும்.

சோர்ஸின் பொதுச் சாவியைக் கேட்டு வாங்கும் வழியும் உண்டு. அதில் பாஸ்வேர்ட் மட்டுமே மறைகிறது, உறுப்பினர்களின் கணக்கு விவரம் அப்படியே வெளிப்படையாகப் போகும். எனக்கு அதில் உடன்பாடில்லை. நேட்டிவ் பாஸ்வேர்ட் முறையோ 8.4-இல் இயல்பாகவே அணைக்கப்பட்டு, 9.0-இல் நீக்கப்பட்டும் விட்டது. இன்று அதற்கு மாறினால் அடுத்த மேம்படுத்தலில் மறுபடி சிக்கல். ஃபயர்வாலில் 3306-ஐ ரெப்ளிகாவின் முகவரிக்கு மட்டும் திறந்தால் போதும்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க ரீஸ்டார்ட் வேண்டாம். சோர்ஸில் 'ஃப்ளஷ் பிரிவிலேஜஸ்' கொடுங்கள். அந்த நினைவகம் காலியாகும். பிறகு ரெப்ளிகாவை நிறுத்தித் தொடங்குங்கள். ரெப்ளிகாவின் நிலை விவரத்தில் ஐஓ பகுதி 'யெஸ்' என்று காட்டினால் வேலை முடிந்தது.

இன்னொன்று. இணைப்பு அறுந்தால் ரெப்ளிகா சத்தம் போடாது. 8.0-இன் இயல்பு அமைப்பில் 60 விநாடிக்கு ஒருமுறையாக 86,400 தடவை, அதாவது 60 நாள், முயன்றுகொண்டே இருக்கும். சோர்ஸோ பின்லாக்கை 30 நாள்தான் வைத்திருக்கும். அதற்குமேல் கவனிக்காமல் விட்டால் விடுபட்ட பதிவுகள் கிடைக்காது. முழு நகல் எடுத்து முதலிலிருந்து அமைக்க வேண்டியதுதான். ஆகவே ஐஓ பகுதியின் அந்த நிலைவரியைத் தினமும் சோதித்து, 'கனெக்டிங்' என்று இருந்தால் உங்களுக்கு மின்னஞ்சல் வரும்படி இந்த வாரமே ஏற்பாடு செய்துவிடுங்கள்.